சியாமெனில் சனி, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நீங்கள் சீனாவில் படித்த நாட்களைப் பற்றி எழுதியவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்குச் சியாமென் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க உதவித்தொகையுடன் இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் கிளம்ப வேண்டும். முதல் வருடம் சீன மொழி, அப்புறம்தான் படிப்பு. நான் சைவம். சீனம் ஒரு வார்த்தை தெரியாது. அதைவிட, சனி ஞாயிறுகளில் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து பைத்தியம் பிடித்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. அப்பா பெருஞ்சுவர், பெய்ஜிங், ஷாங்காய் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். கூடவே, இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும் சொல்கிறார். உண்மையில் வெளிநாட்டு மாணவர்கள் வார இறுதியில் என்னதான் செய்வார்கள்?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள தங்கைக்கு,

வாழ்த்துகள். அப்பாவின் பட்டியலை மடித்துப் பெட்டியின் அடியில் வையுங்கள், நீண்ட விடுமுறையில் உதவும். சியாமெனுக்கும் பெய்ஜிங்குக்கும் நடுவில் கிட்டத்தட்ட சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற இடம் இல்லை அது.

அடைந்து கிடப்பது பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்குக் காரணம் தனிமை இல்லை, வசதி. அங்கே எல்லாம் கைபேசியில் நடக்கிறது. சாப்பாடு மெய்துவான் செயலியில் சொன்னால் விடுதி வாசலுக்கு வரும். தாவ்பாவ் இணையக் கடையில் வாங்கிய பொருள் வளாகத்துப் பார்சல் கடையில் கிடக்கும், எண்ணைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். காய்கறிக்காரம்மாவே ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருப்பார், அதை ஸ்கேன் செய்து பணம் கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதி, அதற்குள் ஆங்கிலம், இந்தி, உருது. வாயைத் திறக்காமலே ஒரு பருவத்தை ஓட்டிவிட முடியும். நான்கைந்து வருடம் இருந்துவிட்டு, ஒரு கிலோ தக்காளி என்ன விலை என்று கேட்கத் தெரியாமல் பட்டத்தோடு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வார நாட்களில் வகுப்பு, வீட்டுப்பாடம், எழுத்துப் பயிற்சி என்று நேரம் போய்விடும். அதனால் சீனாவுக்குள் நீங்கள் உண்மையில் நுழையப்போவது சனி ஞாயிறுகளில்தான்.

வாரநாட்களின் நேரக் கணக்கை மட்டும் முதலில் பழகிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கே தொடங்கிவிடும். சாப்பிட்டதும் மொத்த வளாகமும் தூங்கப் போகும், இரண்டு மணி வரைக்கும் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கு. நம்மூர்ப் பழக்கத்தில் எட்டரைக்கு வளாக உணவகத்துக்குப் போனால் துடைத்த மேசைகளைத்தான் பார்க்கலாம்.

இப்போது ஊர் சுற்றும் கதைக்கு வருகிறேன். பழைய வளாகமா, கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஷியாங்ஆன் வளாகமா என்று நீங்கள் எழுதவில்லை. ஷியாங்ஆன் என்றால் கடலைத் தாண்டித்தான் சியாமென் தீவுக்கு வரவேண்டும், கடலுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் பேருந்து உண்டு. பரவாயில்லை, அந்தப் பயணத்திலேயே நிறுத்தங்களின் அறிவிப்பைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிடும். பழைய வளாகம் என்றால் ஒரு வாசலைத் தாண்டினால் கடற்கரை, இன்னொரு வாசலை ஒட்டி நான்புதுவோ புத்தர் கோவில். கோவிலுக்குள்ளேயே சைவ உணவகம் இருக்கிறது. உங்களுக்கு அது பெரிய ஆறுதல். மற்ற கடைகளில் "நான் சைவம்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிக் கொண்டுவருவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கண்ணுக்குத் தெரிகிற துண்டு இல்லாவிட்டால் அங்கே அது இறைச்சிக் கணக்கில் வராது. எந்த எண்ணெய் என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழகுங்கள். நிலக்கடலை சூப் என்று ஒன்று உண்டு, கடலையைக் கரையக் கரைய வேகவைத்துச் சர்க்கரை போட்டது. தைரியமாகக் குடிக்கலாம். கண்ணாடி மாதிரி மின்னும் ஜெல்லியை மட்டும் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது கடல் புழு.

குலாங்யு தீவுக்கு எல்லாரும் கூட்டிப் போவார்கள். கார் ஓடாத, பழைய தூதரகங்களும் மாளிகைகளும் பியானோ அருங்காட்சியகமும் உள்ள தீவு. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒருமுறை பாருங்கள், அதுவும் மாலையில், பகல் கூட்டம் வடிந்த பிறகு. எனக்கு அதைவிட ஜிமெய் பிடிக்கும். மெட்ரோ முதல் தடத்தில் ஏறினால் ரயில் கடல்மேல் ஓடி அந்தக் கரையில் கொண்டுபோய் விடும். உங்கள் பல்கலைக்கழகத்தை 1921இல் தொடங்கிய டான் கா கீ பிறந்த ஊர் அது. சிங்கப்பூரில் ரப்பரிலும் அன்னாசியிலும் சம்பாதித்ததைப் பள்ளிகளாகக் கட்டி வைத்திருக்கிறார். கட்டடங்களின் உடம்பு ஐரோப்பிய பாணி, கூரை மட்டும் வளைந்த சீனக் கூரை. கோட்டு சூட்டு போட்டு ஓலைத்தொப்பி வைத்த கட்டடங்கள் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்வார்கள். ஏரிக்கரையில் மாலையில் தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேசுவது அந்தப் பக்கத்து மின்னான் மொழி, உங்கள் பாடப்புத்தகச் சீனம் அங்கே பாதிதான் எடுபடும். ஆனாலும் எந்த நாடு, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் விடமாட்டார்கள். நம்மூர்தான்.

அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் சுவான்ஜோ. இதற்கு ஒரு சனிக்கிழமை போதாது, பலமுறை போகவேண்டும். சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. நம் வணிகர்கள் அங்கே சிவன் கோவில் கட்டியிருக்கிறார்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர் 1281இல் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. கோவில் இன்று இல்லை, கற்கள் ஊரெங்கும் சிதறிவிட்டன. கைய்யுவான் புத்தர் கோவிலின் முன்னால் எல்லாரும் இரட்டைக் கல் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். அங்கே இரண்டு தூண்கள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். அருகில் போய்ப் பார்த்தால் மருத மரங்களுக்கு நடுவில் கண்ணன், இன்னொரு வட்டத்தில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர். விளக்கு ஏற்ற வந்த பெண்மணி ஒருவர், நான் அவ்வளவு நேரம் நிற்பதைப் பார்த்து யார் இவர்கள் என்று கேட்டார். என் அரைகுறைச் சீனத்தில் உரலில் கட்டிய குழந்தையின் கதையைச் சொன்னேன். "வெண்ணெய் திருடினானா? எங்கள் குரங்கு ராஜா பீச் பழம் திருடினான்" என்றார். ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பேசியதைவிட அன்றைக்கு அதிகம் பேசியிருப்பேன்.

அந்த ஊருக்கு வெளியே லுவோயாங் பாலம் இருக்கிறது. 1053 முதல் 1059 வரை கட்டியது. அடித்தளக் கற்களில் சிப்பி வளர்த்து, அந்தச் சிப்பிகளே கற்களைப் பிணைக்கும்படி செய்திருக்கிறார்கள். கடல் நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

ரயிலுக்குப் பாஸ்போர்ட்தான் டிக்கெட். நகல் போதாது, அசல் வேண்டும், உங்களுக்கான வாசலில் ஆள் பார்த்து அனுப்புவார். பதினைந்து நாள் முன்பே முன்பதிவு திறக்கும். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையில் மட்டும் எங்கும் கிளம்பாதீர்கள், அந்த வாரம் நாடே தண்டவாளத்தில் இருக்கும். இன்னொரு விசித்திரம்: நீண்ட விடுமுறை கொடுத்தால் அதை ஈடுகட்ட முன்னால் பின்னால் வரும் சனி அல்லது ஞாயிறை வேலை நாளாக்கிவிடுவார்கள். காலண்டரைப் பார்க்காமல் திட்டம் போட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பில் இருப்பீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து சில வாரங்களிலேயே நடு இலையுதிர்கால விழா வரும். வேறு ஊர்களில் நிலா கேக் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். சியாமெனில் போபிங் ஆட வேண்டும். பெரிய பீங்கான் கிண்ணம், ஆறு தாயக்கட்டைகள். எல்லாரும் முறைவைத்துக் கிண்ணத்துக்குள் உருட்டுவார்கள். சிவப்பு நான்குதான் ராசியான எண். ஒரு நான்கு விழுந்தால் சின்னப் பரிசு, நான்கு நான்குகள் விழுந்தால் அந்தக் காலத்து அரசுத் தேர்வில் முதலாவதாக வந்தவரின் பட்டம். கட்டை கிண்ணத்தை விட்டு வெளியே துள்ளினால் அந்த முறை போச்சு. மொத்தம் 63 பரிசுகள், ஆனால் பட்டு, முத்து என்று நினைக்காதீர்கள்: பற்பசை, துண்டு, சோப்புத்தூள், ஐந்து லிட்டர் எண்ணெய். எந்தப் பேராசிரியரோ ஆய்வுக்கூடமோ கூப்பிட்டாலும் போய்விடுங்கள். மொழியே தேவைப்படாது, கத்தினால் போதும். அந்த மேசையில் கிடைக்கும் தோழிதான் அடுத்த சனிக்கிழமை உங்களைச் சந்தைக்குக் கூட்டிப்போவாள்.

அப்பாவுக்கு இரண்டு விஷயங்கள். இரவு பதினொரு மணிக்குப் பெண்கள் தனியாகச் சாலையோரத்தில் வாட்டிய சோளம் வாங்கித் தின்றபடி நடப்பது அங்கே சாதாரணம். இருட்டைவிட விடுதிக் கதவு மூடும் நேரத்தைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். தோழி வீட்டில் தங்கினால் மட்டும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதியவேண்டும், ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். அடுத்தது பேச்சு. வாட்ஸ்அப் அங்கே ஓடாது. அவர்களுடைய வீசாட்டை இங்கே 2020இல் தடை செய்துவிட்டோம். இந்திய சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வாட்ஸ்அப் ஓடும், முதல் மாதத்துக்காவது அதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுவான்ஜோவில் நீங்கள் கண்ணனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா இங்கே தூதரகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
அக்கா