விழுந்த கல்லுக்கு ஐந்து இலட்சம்: அறிவிக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

கேள்வி: செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறேன். வெள்ளவத்தையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி வானம் பார்ப்போம். இலங்கையில் எங்காவது விண்கல் விழுந்தால், முதல் கல்லைக் கொண்டுவருபவருக்கு ஐந்து இலட்சம் ரூபா என்று உடனே அறிவிக்க ஆசை. பாதிப் பணத்தைக் கனடாவில் இருக்கும் மருமகன் தருவதாகச் சொல்கிறான். கல்லை நூதனசாலைக்குக் கொடுக்கலாம், மிஞ்சினால் ஒரு துண்டை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்று நினைக்கிறோம். இது நியாயமா? தொகை போதுமா?

பதில்: பரிசு அறிவிப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் 'கொண்டுவருபவருக்கு' என்ற ஒற்றைச் சொல்லில் பரிசையும் கொள்முதலையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள், சிக்கல் அங்கேதான். உங்கள் கடைக்கே ஒருவர் பாட்டியின் அட்டியலைக் கொண்டுவருகிறார், அது தங்கமா பித்தளையா என்று அவருக்குத் தெரியாது. 'கொண்டுவந்ததற்கு இந்தா ஐயாயிரம்' என்று கொடுத்துவிட்டு அட்டியலை உள்ளே எடுத்து வைத்தால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொகைக்கு வருவோம். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஐந்து இலட்சம் ஏறத்தாழ 1,670 டொலர். விழுந்த கல் அரைக் கிலோ என்றால் கிராமுக்கு மூன்று டொலர் சொச்சம். விழக் கண்டு எடுக்கப்படும் விண்கற்களில் ஐந்துக்கு நான்கு சாதாரணக் கொண்ட்ரைட் என்ற பரவலான கல் வகைதான், அதற்கு இந்த விலை அநியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நூற்றுக்கு நாலைந்து, கரிமச் சேர்மங்கள் கொண்ட காபன் கொண்ட்ரைட் என்ற அரிய வகையாக இருக்கும். மழை படாமல் எடுத்த புதிய காபன் கொண்ட்ரைட் கிராம் 50 டொலருக்கும் போகும், அதற்கு மேலும் போகும். 50 என்றே வையுங்கள், அரைக் கிலோ 25,000 டொலர், அதாவது 75 இலட்சம் ரூபா. அந்தக் கல்லை நெல்வயலில் எடுத்த மனிதரிடம் ஐந்து இலட்சத்துக்கு வாங்கிவிட்டு, பிறகு 'மிஞ்சிய துண்டை' விற்றீர்கள் என்றால், எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊர் அதை வேறு மாதிரித்தான் சொல்லும். சொல்லவும் வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. 2020 ஓகஸ்ட் மாதம் சுமாத்திராவில் ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கல் விழுந்தது. அந்த வீட்டுக்காரர் அதை 18 இலட்சம் டொலருக்கு விற்றுக் கோடீஸ்வரர் ஆகிவிட்டார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவர் கைக்கு வந்தது சுமார் 14,000 டொலர். இணையத்தில் யாரோ ஒரு சின்னத் துண்டுக்குப் போட்டிருந்த விலையை எடுத்து மொத்த எடையால் பெருக்கிய கணக்குத்தான் அந்தப் 18 இலட்சம். பெரிய தொகையை விளம்பரம் செய்தால் இங்கேயும் அதே கதை வரும், ஐந்து இலட்சத்தை நீட்டும்போது நியாயமான விலையும் ஏமாற்று வேலையாகவே தெரியும்.

சரி, பிறகு ஏன் பரிசு? அவசரம்தான் காரணம். விண்கல்லில் உள்ள சில கதிரியக்க அணுக்கள் மணிக்கணக்கில் அழிந்துபோகின்றன, சோடியம்-24 பதினைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். உள்ளே இரும்பு-நிக்கல் துணிக்கைகள் இருப்பதால் நம் நாட்டு ஈரத்தில் துரு பிடிக்க நாள் எடுக்காது. 2012 ஏப்ரலில் கலிபோர்னியாவில் சட்டர்ஸ் மில் என்ற இடத்தில் விழுந்த காபன் கொண்ட்ரைட்டின் மேல் இரண்டு நாளில் மழை பெய்துவிட்டது, அதற்கு முன் எடுத்த ஒரு சில துண்டுகளுக்குத்தான் ஆய்வாளரிடம் தனி மதிப்பு. பிரித்தானியாவில் 2021 பெப்ரவரி 28 இரவு வின்ச்கோம்பில் விழுந்த கல்லுக்கு எந்தப் பரிசும் அறிவிக்கவில்லை. ஒரு வீட்டின் வாகனம் நிறுத்தும் பாதையில் கரித்தூள் கொட்டியதுபோல் கிடந்ததை அந்தக் குடும்பம் மறுநாள் காலையில் பார்த்து, கையுறை போட்டு அள்ளிப் பைகளில் வைத்துக்கொண்டு ஆய்வாளரைத் தேடியது, பிறகு நூதனசாலைக்கே கொடுத்துவிட்டது. யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அங்கே மக்களுக்குச் சுலபமாகத் தெரிந்துவிட்டது. இங்கே அது தெரியாது, உங்கள் பணம் அடைக்க வேண்டிய இடைவெளி அதுதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 'முதல்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். முதலாவதுக்கு மட்டும் பரிசு என்றால் ஆட்கள் ஓடுவார்கள். கொழும்பில் இருந்து பார்த்தால் ஓடுவது விளையாட்டுப்போல் இருக்கும். ஆனால் நம் நாட்டில் விழுந்ததாகப் பதிவான பழைய விண்கல் எங்கே விழுந்தது தெரியுமா? 1795இல் முல்லைத்தீவில். அடுத்ததும் வன்னியில் விழ முடியாதா? மிதிவெடி இன்னும் முழுதாக அகற்றி முடியாத காணிகளும் மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகைகளும் அந்தப் பக்கம் இருக்கின்றன. ஐந்து இலட்சம் என்பது அங்கே ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கான வருமானம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலகையைத் தாண்டிப் போவார்கள், பற்றைக்குள் பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை கால் இழந்தவர்களின் கதை தெரிந்தவர் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். அதனால் எந்த இடம் பாதுகாப்பானது என்று கிராம அலுவலரிடமும் பொலிஸிடமும் விசாரிக்காமல் ஒரு வரி அறிவிப்பும் போடக்கூடாது. வேலி தாண்டி எடுத்த கல்லுக்கும் தடைசெய்த காணியில் எடுத்த கல்லுக்கும் பரிசு கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கல் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. நாட்டுக்கு நாடு இது மாறும். அமெரிக்காவில் 1892இல் அயோவா மாநில நீதிமன்றம் காணிக்காரருக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னது. டென்மார்க்கில் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், ஆனால் கண்டெடுத்தவருக்கு அரசே பரிசு கொடுக்கும். எனக்கு டென்மார்க்காரர் வழி பிடிக்கும், நம் கருவூலம் அதற்குத் தயாராக இல்லை என்பது வேறு கதை. இங்கே கனிமங்களை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, நாட்டை விட்டு அனுப்புவதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். மருமகன் கனடாவுக்குத் தபாலில் கேட்டால் மறுத்துவிடுங்கள். காணிக்காரரும் எடுத்தவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இரத்தினபுரிக் குழிக்காரர் செய்வதைச் செய்யுங்கள்: காணிக்கு ஒரு பங்கு, உழைத்தவருக்கு ஒரு பங்கு. கல் கையில் வருமுன் பேசி எழுதிக்கொள்ள வேண்டும், வந்த பிறகு பேசினால் அண்ணன் தம்பிக்குள்ளும் வழக்குத்தான்.

பரிசு அறிவித்த அன்றே உங்கள் கடை வாசலில் மூட்டை மூட்டையாகக் கபூக் கல்லும் பட்டறை இரும்புக் கசடும் வந்து இறங்கும், அதற்கும் தயாராக இருங்கள். புதிதாக விழுந்த விண்கல்லின் மேல் ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், உள்ளே பெரும்பாலும் வெளிர் நிறம்; குமிழ் குமிழாக ஓட்டை இருந்தால் பெரும்பாலும் கசடு. கழிவறைத் தண்ணீர்த் தொட்டி மூடியின் பளபளப்பு இல்லாத அடிப்பக்கத்தில் தேய்த்துப் பார்க்கலாம், செங்காவிக் கோடு விழுந்தால் இரும்புத் தாதுக் கல். காந்தத்தை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள், கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்திருக்கும் காந்தத் தடம் அழிந்துவிடும்.

2012 டிசம்பர் கடைசியில் பொலன்னறுவை அரலகங்வில பக்கம் பொறுக்கிய கற்கள் நினைவிருக்கும். அவற்றில் விண்ணிலிருந்து வந்த நுண்ணுயிர்ப் புதைபடிவம் இருப்பதாக, கொழும்பில் பிறந்த பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதினார்கள். அவை விண்கற்களே இல்லை, மண்ணில் கிடந்த கற்கள் என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எந்தக் கல், எந்த வயலில், எத்தனை மணிக்கு, யார் கையால் என்ற பதிவு ஒழுங்காக இல்லாவிட்டால் இப்படிப்பட்ட வாக்குவாதம் முடியவே முடியாது. எனவே நீங்கள் காசு கொடுக்க வேண்டியது அந்தப் பதிவுக்குத்தான்.

என்னைக் கேட்டால் ஐந்து இலட்சத்தை இப்படிப் பிரிப்பேன். விழுந்த இடத்திலேயே படம் எடுத்து, நேரம் குறித்து, மழை படாமல் வைத்துத் தொலைபேசியில் சொல்பவருக்கு, அது விண்கல் என்று உறுதியானதும் ஐம்பதாயிரம். கல் அவரிடமே இருக்கட்டும். இப்படி நாலைந்து பேருக்குக் கொடுக்கலாம், எடை எவ்வளவு என்று பார்க்காதீர்கள், பார்த்தால் உடைத்துக் கொண்டுவந்து இரண்டு பரிசு கேட்பதும் நடக்கும். மிச்சத்தை மாதிரிக்கு வையுங்கள்: சர்வதேசப் பட்டியலில் ஒரு விண்கல் பெயர் பெற வேண்டுமானால் 20 கிராம் அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, எது குறைவோ அது, ஆய்வு நிறுவனத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அந்தத் துண்டை உரிமையாளரிடம் விலை கொடுத்து வாங்கிப் பேராதனைப் புவிச்சரிதவியல் துறைக்கோ நூதனசாலைக்கோ கொடுங்கள். வகை உறுதியான பிறகுதான் விலை பேச வேண்டும். மீதிக் கல்லை உங்களுக்கு விற்க அவர் விரும்பினால், வாங்குபவராகிய நீங்களே மதிப்புப் போடாமல் வேறு ஒருவரைப் போடச் சொல்லுங்கள்.

அறிவிப்பின் அடியில் இரண்டு விஷயம் மறக்காமல் சேருங்கள். கழுவ வேண்டாம், வெறுங்கையால் தொட வேண்டாம், அலுமினியத் தாளில் சுற்றிக் காய்ந்த டப்பாவில் வைக்கவும். வானத்தில் இருந்து வந்ததென்று பாலும் சந்தனமும் சாத்தி விளக்கு வைக்க ஆசைப்படுவார்கள், நானும் கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனால் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் கரிமச் சேர்மங்களைப் பிரித்தறிய முடியாது. கும்பிடுவதென்றால் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கும்பிடச் சொல்லுங்கள்.