ஆங்கிலத்தில் படிக்கட்டும், ஃபின்னிஷையும் விட வேண்டாம்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஃபின்லாந்தின் எஸ்போவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. லுகியோவுக்கு, அதாவது மேல்நிலைப் பள்ளிக்கு, விண்ணப்பிக்கும் நேரம் வந்துவிட்டது, ஃபின்னிஷோ இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) வகுப்பில் சேர்த்துவிட்டால் கவலை விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதிக் கவலைதான் தீரும்.

ஐபி நல்ல படிப்பு. முதல் வருடம் ப்ரீ-ஐபி, அப்புறம் இரண்டு வருடம் டிப்ளமா. ஆறு பாடங்கள் எடுக்க வேண்டும், குறைந்தது மூன்று உயர்நிலையில் (ஹையர் லெவல்). அதோடு 4000 வார்த்தைக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்றொரு பாடம், படிப்புக்கு வெளியே செய்யும் பணிகள். மொத்தம் 45 புள்ளி. "இங்கே பள்ளிக்கூடம் ரொம்ப லேசாக இருக்கிறது" என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். ஐபியில் அந்த வருத்தம் இருக்காது. பல பாடங்களின் ஒப்படைப்புகள் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பிள்ளை தானே நேரத்தைத் திட்டமிடப் பழகியிருக்க வேண்டும்.

இடம் கிடைப்பதும் சுலபமில்லை. ஹெல்சிங்கியின் ரெஸ்ஸு, எஸ்போவின் எடெலா-தாபியோலா போன்ற பள்ளிகளுக்குப் போட்டி அதிகம். ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழில் 4 முதல் 10 வரை போடும் மதிப்பெண்களின் சராசரியைப் பார்ப்பார்கள், நுழைவுத் தேர்வு வைக்கும் பள்ளிகளும் உண்டு. ஒரே பள்ளியை நம்பாமல் விண்ணப்பத்தில் வேறு பள்ளிகளையும் சேர்த்துக் கொடுங்கள். எங்குமே கிடைக்காவிட்டாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்க மாட்டாள். மொழியைத் தேற்றிக்கொண்டு அடுத்த முறை விண்ணப்பிக்க துவா என்ற ஆயத்த வருடம் இருக்கிறது.

இனி, மகளை டாக்டராக்க வேண்டும் என்ற உங்கள் கனவு. இதைத்தான் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஃபின்லாந்தில் மருத்துவப் படிப்பு ஃபின்னிஷிலும் சுவீடிஷிலும்தான் நடக்கிறது. ஐபியில் எவ்வளவு புள்ளி வாங்கினாலும் மொழி இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. ஊருக்குத் திரும்பி நீட் எழுதலாம் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐபியின் வழக்கமான பாட அமைப்பிலோ இரண்டு அறிவியல் பாடங்களுக்குத்தான் இடம். மூன்றாவதைச் சேர்க்க விசேஷ ஏற்பாடு வேண்டும், அதைச் செய்ய முடியுமா என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். டிப்ளமா தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும். பொறியியல் பக்கம் மனம் போனால் கணிதத்தை உயர்நிலையில் எடுக்கச் சொல்லுங்கள்.

செலவைப் பார்த்தாலும் மொழிதான் முன்னால் வந்து நிற்கிறது. லுகியோவில் கல்விக் கட்டணம் இல்லை, மதிய சாப்பாடு இலவசம். இங்கேயே ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்கு, 20 வயது நிறையும் வருடம் முடியும்வரை பாடப் புத்தகங்களும் இலவசம். பல்கலைக்கழகத்தில் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவர் ஆங்கிலவழிப் பட்டப் படிப்புக்கு 2017 முதல் கட்டணம் கட்டுகிறார்கள். குடியிருப்பு அனுமதியின் வகையைப் பொறுத்து விலக்கு உண்டு, உங்கள் அட்டையில் என்ன வகை போட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஃபின்னிஷில் படித்தால் கட்டணமே இல்லை. கோடைக்கால வேலை கிடைப்பதிலிருந்து பக்கத்து பெஞ்சில் ஒரு தோழி அமைவது வரை எல்லாவற்றுக்கும் அந்த மொழி உதவும்.

அதனால் என் யோசனை இது. ஐபியில் சேரட்டும், ஆனால் அங்கே கற்கும் மொழிகளில் ஒன்று ஃபின்னிஷாக இருக்கட்டும். பிரெஞ்சு பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது பள்ளியில் இருக்கும் "இரண்டாம் மொழி ஃபின்னிஷ்" வகுப்பை ஒருநாளும் தவறவிட வேண்டாம். நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேக்களுக்கு நீங்களும் அவளோடு போங்கள். அம்மாவும் தப்புத்தப்பாகப் பேசுவதைப் பார்த்தால் அவளுக்குக் கூச்சம் விடும், இதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

பள்ளியின் ஆலோசகருக்கு, அதான் ஓப்போவுக்கு, இந்த வாரமே வில்மா என்ற பள்ளிச் செயலியில் செய்தி அனுப்பி நேரம் கேளுங்கள். மூன்று அறிவியல் பாடம், ஃபின்னிஷ் வகுப்பு, சராசரி மதிப்பெண் என மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும். அவளுக்கு டாக்டராக ஆசை இருக்கிறதா என்பது மட்டும் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. போவதற்கு முன்னால் அதை அவளிடம் கேட்டுவிடுங்கள்.