பேட்டரி மாற்றும் முன் ஸ்டீரியோ ஒயரைப் பாருங்கள்

கேள்வி: என் பழைய காரில் 9 அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வாங்கிப் பொருத்தினேன். முதலில் சாவியை அணைத்துப் போட்டாலே கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷன்களும் அழிந்துவிடும். கடைக்காரர் ஏதோ இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார், அது சரியானது. ஆனால் இப்போது வண்டியை இரண்டு நாள் எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை. "பேட்டரி வீக், புதுசு போடுங்க" என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முதல் கோளாறை மறைக்கப் போய் இரண்டாவது கோளாறை உண்டாக்கியிருக்கிறார்கள்.

ஸ்டீரியோவுக்கு மின்சாரம் இரண்டு வழியாக வர வேண்டும். ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயருக்கு எந்நேரமும் 12 வோல்ட் தேவை; கடிகாரமும் ஸ்டேஷன்களும் நினைவில் நிற்பது அதனால்தான். சிவப்பு ஒயருக்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டும். வண்டி நின்றுவிட்டது, தூங்கலாம் என்று ஸ்டீரியோவுக்குத் தெரிவது இந்தச் சிவப்பு வழியாக. முதலில் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருப்பார்கள், அதனால் நினைவு அழிந்தது. அப்புறம் இரண்டையும் ஒன்றாக முறுக்கியதில் நினைவு நின்றது, ஆனால் ஸ்டீரியோ தூங்குவதே இல்லை. திரையை நீங்கள் அணைத்தாலும் உள்ளே அது விழித்தே இருக்கும். ஒரு ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-அவர் போய்விடும். சின்ன காரின் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே சுமார் 35 ஆம்பியர்-அவர்தான். இரண்டு நாளில் படுத்துவிடாமல் என்ன செய்யும்?

சந்தேகம் தீரச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். இரவில் ஸ்டீரியோவின் ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் வண்டியை நிறுத்தி வையுங்கள். மூன்றாம் நாள் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி ஸ்டீரியோ ஒயரிங்தான். அப்போதும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பேட்டரியை லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது) செய்து பாருங்கள். அடிக்கடி அடிவரை வடிந்த பேட்டரி கெட்டுப்போவதும் உண்டு.

சரிசெய்வது எளிது. கடையில் உங்கள் கண்முன்னே முறுக்கலைப் பிரிக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால் கார் பக்கத்து ஒயர்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சாவி இல்லாமலே 12 காட்டுவது மஞ்சளுக்கு. சாவி போட்டால் மட்டும் 12 காட்டுவது சிவப்புக்கு. கார் பக்க ஒயரின் நிறத்தை நம்பி இணைக்க விடாதீர்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரில் அளக்கும்போது மட்டும் பேட்டரி இணைப்பில் இருக்கட்டும்; ஒயரைப் பிரிக்கவோ சேர்க்கவோ பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும், பெரியது போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

இன்னொன்றையும் வற்புறுத்துங்கள்: உங்கள் மாடலுக்கான கப்ளர் செட், அதாவது கார் ஒயரையும் ஸ்டீரியோ ஒயரையும் இணைக்கும் பிளக். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கம்பெனி ஒயரை வெட்டாமல் அப்படியே சொருகலாம். வெறும் டேப் வெயில் காலத்தில் பசை இளகி நழுவும், மஞ்சள் ஒயர் பாடியில் உரசினால் நேரடி ஷார்ட். புது வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஒயரை வெட்டினால் எலக்ட்ரிக்கல் வாரண்டி கேட்கும்போது கம்பெனி கைவிரிக்க அதுவே காரணமாகலாம்.

பொருத்துகூலி வாங்கியவர் இதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பில்லில் பொருத்துகூலி தனியாக எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேறு எலக்ட்ரீஷியனிடம் போவதானால், அவர் டேப்பைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் அந்த முறுக்கலை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.