கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பேப் ஸ்மியரில் 'லோ கிரேட்' (லேசான மாற்றம்) என்று வந்திருக்கிறது. ஒரு வருடம் காத்திருக்கலாமா?

உங்களுக்கு 34 வயது, டர்பனில் இருக்கிறீர்கள், 12 மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதுவரை சும்மா இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த 12-ஆம் மாதத்தைத் தவறவிடக் கூடாது.

எனக்கும் 2011-ல் இதே ரிசல்ட். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி இதே டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சிஸ்டர் தாளை நீட்டியதும் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அது புற்றுநோய் இல்லை. உடலுறவால் பரவும் எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, கருப்பை வாய்ச் செல்கள் லேசாக உருமாறியிருக்கின்றன, அவ்வளவுதான். பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அந்தத் தொற்றை விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிப்போனால்தான் ஆபத்து. அப்போதும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் பிடிக்கும். எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்காமல் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் 5, 10 வருடமே போதும். அதனால் எச்.ஐ.வி. இருந்தால் சிஸ்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த 12 மாதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

'உடனே கோல்போஸ்கோபி செய்துவிடுங்கள்' என்று நானும் கெஞ்சினேன். கருப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை அது. பிரிட்டனில் டோம்போலா என்று ஓர் ஆய்வு நடந்தது. லேசான மாற்றம் வந்த 4,439 பெண்களை இரண்டாகப் பிரித்து மூன்று வருடம் பார்த்தார்கள். உடனே கோல்போஸ்கோபிக்கு அனுப்பியதில் சிலருக்கு நோய் முன்னதாகத் தெரிந்தது. ஆனால் பெரிய மாற்றம் எதுவுமே இல்லாத ஏராளமான பெண்களும் அந்த மேஜையில் படுக்க வேண்டியிருந்தது. ஸ்மியரை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்களைவிட, வலியும் ரத்தக்கசிவும் அவர்களுக்குத்தான் அதிகம். இதைப் படித்த பிறகுதான் காத்திருக்கச் சொன்னது அலட்சியத்தால் இல்லை என்று மனம் ஆறியது.

2012-லும் எனக்கு அதே ரிசல்ட் வந்ததால் கோல்போஸ்கோபிக்கு அனுப்பினார்கள். வினிகர் வாசம் வரும் மருந்தைத் தடவி, வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் துளியூண்டு சதை எடுத்தார்கள். சுருக்கென்றது, முடிந்தது. சிகிச்சை வேண்டாம், வருடா வருடம் வா என்றார்கள். 2013-ல் நார்மல். 2014-லும் நார்மல்.

2015-ல் டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதிக்கு வீடு மாறினோம். என்னுடைய ஃபைல் பழைய கிளினிக்கிலேயே தங்கிவிட்டது. புது கிளினிக்கில் 'கடைசி ஸ்மியர் நார்மல்தானே, இனி பத்து வருடம் கழித்து வாருங்கள்' என்றார்கள். தென்னாப்பிரிக்க அரசு கிளினிக்குகளில் அப்போது 30 வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு ஒன்றாக, ஆயுளில் மூன்று ஸ்மியர் இலவசம். ஒரு கோளாறும் வராதவர்களுக்கான கணக்கு அது. என் பழைய ரிசல்ட் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. கைப்பையில் மடித்து வைத்திருந்த 2011 தாளை எடுத்துக் காட்டினேன். அன்றைக்கே ஸ்மியர் எடுத்தார்கள். மறுபடியும் லேசான மாற்றம்! இரண்டு வருடம் நார்மலாக இருந்த பிறகு. அதற்கப்புறம் தொடர்ந்து போய், இப்போது சில வருடங்களாகச் சுத்தமாக இருக்கிறது. அந்தத் தாள் மட்டும் கையில் இல்லாமல் போயிருந்தால் 2025 வரை யாரும் என்னைப் பார்த்திருக்க மாட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

இன்னொன்று. 'இது எப்படி வந்தது' என்று வீட்டில் கேள்வி வரும். என் மாமியார் கேட்டார். இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. உங்கள் மேலோ கணவர் மேலோ யாரும் பழி போட விடாதீர்கள்.

ரிசல்ட் தாளை இன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் நார்மல் என்று வந்தாலும் எழுந்து வந்துவிடாமல், அதற்கடுத்தது எந்த மாதம் என்று கேட்டு, சிஸ்டர் கையாலேயே அந்தத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.