வீடு வாசல்: மேற்கு ஜன்னலுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: பல வருட வாடகை வாழ்க்கைக்குப் பிறகு தில்லி மயூர் விஹாரில் சொசைட்டி ஃப்ளாட் ஒன்று வாங்கிவிட்டோம். கடைசி மாடி. ஹாலுக்கும் பெரிய பெட்ரூமுக்கும் மேற்குப் பக்கம் ஜன்னல். வெயில் ஏறுவதற்குள் வீட்டைக் கோடைக்குத் தகுந்தபடி அலங்கரிக்க ஆசை. மகள் ஆன்லைனில் பிளாக்அவுட் திரைச்சீலை பார்த்து வைத்திருக்கிறாள். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: முதலில் மகளை ஆர்டர் போடவிடாமல் தடுங்கள். தடித்த திரை வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சுடவைக்கும்; திரை அறையைச் சுடவைக்கும். வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

அதற்கு இந்த ஊரில் காலங்காலமாக இருப்பது மூங்கில் சிக், அதாவது மூங்கில் குச்சிகளைக் கோத்துக் கட்டிய, சுருட்டி ஏற்றும் திரை. ஆசஃப் அலி ரோடு பக்கம் போய் ஜன்னல் அளவைச் சொன்னால் கட்டித் தருவார்கள். ஓரத்தில் நாடா வைத்துத் தைத்திருக்கிறதா, குச்சிகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கயிறு நைலானாக இருக்கட்டும். பருத்திக் கயிறு ஒரே கோடையில் இற்றுவிடும். அப்புறம் முக்கியமான ஒன்று. சிக்கின் அடிக்கட்டையை ஜன்னல் கம்பியோடு கட்ட இரண்டு பக்கமும் கொக்கி அடித்துவிடுங்கள். மே மாதம் சாயங்காலம் திடீரென்று ‘ஆந்தி’ என்கிற புழுதிப் புயல் கிளம்பும்போது கட்டாத சிக் கண்ணாடியில் போய் அறையும். வெளியே மாட்டுவதற்கு முன் சொசைட்டியில் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லா பால்கனிக்கும் ஒரே நிறம் என்று சில இடங்களில் விதி உண்டு.

தெற்கு ஜன்னலைப் பற்றிக் கவலை வேண்டாம். கோடையில் நடுப்பகல் சூரியன் இங்கே கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கும். சின்ன சன்ஷேடே போதும். மேற்குச் சூரியன் தாழ்வாக, நேராக உள்ளே வரும். அதற்கு சன்ஷேடு ஒன்றும் செய்யாது.

அடுத்தது மொட்டை மாடி. கடைசி மாடிக்காரருக்குச் சூடு பாதி தலைக்கு மேலிருந்துதான் இறங்கும். சொசைட்டி ஃப்ளாட்டில் மாடி எல்லாருக்கும் பொது என்பதால் செயலாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். அனுமதி கிடைத்ததும் நன்றாகக் கழுவி, விரிசலை அடைத்து, வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட்டோ இரண்டு கோட்டு அடியுங்கள். 2024 மே 29 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் வெறும் கான்கிரீட் தளத்தின் கீழே படுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உங்கள் 25,000-இல் பெரும்பகுதி சிக்குக்கும் மாடிக்கும் போகட்டும்.

மிச்சப் பணத்தில் உள் அலங்காரம். கம்பளத்தைத் தட்டிச் சுருட்டி, வேப்பிலை போட்டுப் பரணில் ஏற்றுங்கள். அக்டோபர் வரை அதற்கு வேலை இல்லை. தரையில் பத்தமடைப் பாய், திவானில் பவானி ஜமக்காளம். சோஃபாவுக்குப் பருத்தி உறை. கோடை என்றால் வெள்ளை என்று பத்திரிகைப் படங்கள் சொல்லும். இங்கே கோடையில் வீசும் ‘லூ’ என்கிற அனல்காற்றின் புழுதிக்கு வெள்ளை தாங்காது. மணல் நிறம் எடுங்கள், தூசி படிந்தாலும் மாமியார் கண்ணுக்குத் தெரியாது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். சென்னையில் மதியம் கடல்காற்று வரும் என்று ஜன்னலைத் திறந்து வைப்போம். இங்கே மதியம் வருவது அனல். காலை ஒன்பது மணிக்குள் அடைத்துவிட்டு, இரவு வெளியே குளிர்ந்த பிறகு திறங்கள்.

கேள்வி: முனிர்காவில் 28,000 ரூபாய் வாடகை. “வாடகை வெறும் தண்டம், வீடு வாங்கு” என்று ஊரிலிருந்து மாமனார் தினமும் போன். உண்மையில் சொந்த வீட்டால் என்ன லாபம்?
– வாசகி, முனிர்கா

பதில்: மாமனார் சொல்வதில் பாதி சரி. 50 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை கிட்டத்தட்ட 45,000. முதல் தவணையில் 37,500 வட்டிக்கே போய்விடும். அது மட்டும் தண்டம் இல்லையா? வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் நாமே குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. உங்கள் கணவர் எந்த முறையில் கணக்குக் காட்டுகிறார் என்று கேளுங்கள். பல பேருக்குத் தெரியாது.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ‘பத்து பர்சென்ட் ஏற்றுகிறேன்’ என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள். பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். மேலே நான் சொன்ன சிக்குக்கு ஆணி அடிக்கக்கூட வாடகைக்காரர் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அடித்துவிட்டுப் போகும்போது அட்வான்ஸில் பிடிப்பார். சுண்ணாம்பு அடித்து வைத்தால் அடுத்த குடித்தனக்காரருக்கு நிழல். கணவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் வரும் என்றால் இப்போது வாங்காதீர்கள். பதிவுச் செலவே திரும்பாது.

வாங்குவதானால் உங்கள் பெயரில் பதியுங்கள். தில்லியில் பெண்ணுக்கு முத்திரைத் தீர்வை ஆணைவிட 2 சதவீதம் குறைவு. 80 லட்சத்துக்கு 1,60,000 ரூபாய் மிச்சம். பில்டர் ஃப்ளோர் (ஒரே மனையில் தளத்துக்கு ஒரு வீடாகக் கட்டி விற்பது) என்றால் மொட்டை மாடி உரிமை யாருக்கு என்று பத்திரத்தில் வரி வரியாகப் படியுங்கள். தண்ணீர்த் தொட்டி வைக்க மட்டும் அனுமதி என்று எழுதியிருந்தால் அங்கே ஒரு துளசித் தொட்டிகூட வைக்க முடியாமல் போகலாம்.

கேள்வி: கூலரில் வெட்டிவேர்த் தட்டி போட்டோம். ஜூனில் ஜம்மென்று இருந்தது, ஜூலையில் ஒரே புழுக்கம். தட்டி கெட்டுவிட்டதா?
– வாசகர், துவாரகா

பதில்: தட்டி மேல் குற்றமில்லை. காற்று காய்ந்திருந்தால்தான் கூலர் குளிர்விக்கும். ஜூன் கடைசியில் மழை இறங்கிவிட்டால் அது ஈரத்தைத்தான் அள்ளி வீசும். அடுத்த முறை எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், உள்ளே வந்த காற்று போக வழி வேண்டாமா? தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை முழுக்கக் கொட்டித் துடையுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்தத் தொட்டியே போதும். மழை வந்த பிறகு பம்பை நிறுத்தி மின்விசிறியாக மட்டும் ஓட்டுங்கள். தட்டியைக் கழற்றி வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த வருடமும் வாசம் கொஞ்சம் இருக்கும்.