தமிழ்வழியில் படித்தவர் சப்போர்ட் வேலை இன்டர்வியூவுக்கு ஆங்கிலம் பேச எப்படிப் பழகுவது?

கேள்வி இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, பிறகு பி.எஸ்சி. ஆங்கிலத்தில் மெயில் வந்தால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் சென்னையில் கஸ்டமர் சப்போர்ட், ஐ.டி. ஹெல்ப்டெஸ்க் இன்டர்வியூ எதுவும் முதல் ரவுண்டைத் தாண்டவில்லை. ஆறு மாதம் கையில் இருக்கிறது. கிராமரிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். மெயில் படித்தால் புரிகிறது என்றால் இந்த வேலைக்கு வேண்டிய இலக்கணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. முதல் ரவுண்டில் ஆளைக் கழிப்பவை வேறு இரண்டு. வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் கட்டிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுவதால் வரும் தாமதம் ஒன்று. தமிழ் எழுத்து வழியாகப் படிந்துபோன உச்சரிப்பு இன்னொன்று.

தாமதத்தை முதலில் பார்ப்போம். "நேத்து சர்வர் டவுன் ஆனதால ரிப்போர்ட் அனுப்ப முடியல." இதில் முக்கியமான சொல் "முடியல". தமிழில் அது கடைசியில் வருகிறது, ஆங்கிலத்தில் இரண்டாவது இடத்திலேயே வந்துவிட வேண்டும். மனசில் தமிழ் வாக்கியம் முடிகிறவரை காத்திருந்து, பிறகு வாலைப் பிடித்துத் தலைக்குக் கொண்டுபோவதற்குள் மூன்று நான்கு விநாடி ஓடிவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் "ஆக்சுவலி, பேசிக்கலி" எல்லாம் வந்து விழுகின்றன.

இதற்கு மருந்து, யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிடுவது. "ஐ குடின்ட் செண்ட் தி ரிப்போர்ட்." நிறுத்துங்கள். "தி சர்வர் வாஸ் டவுன்." நிறுத்துங்கள். "பிகாஸ்", "விச்" போட்டு ஒட்டும் வேலையெல்லாம் முதல் இரண்டு மாதம் கிடையாது. தினமும் காலையில் முந்தின நாள் நடந்ததைப் பத்து குட்டி வாக்கியங்களாக வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதக் கூடாது, எழுதினால் கை யோசிக்கும், வாய் சும்மா இருக்கும். ஒரு வாக்கியத்துக்கு ஏழு சொல்லுக்கு மேல் போனால் அதை இரண்டாக உடையுங்கள். மூன்று வாரத்தில் இடைவெளி குறைவது உங்கள் ரெக்கார்டிங்கிலேயே தெரியும்.

தமிழை அப்படியே தூக்கி வைப்பதால் வரும் தவறுகள் அதிகமில்லை, ஆனால் திரும்பத் திரும்ப வரும். "ரெண்டு வருஷமா வேலை செய்யறேன்" என்பதில் தமிழுக்கு நிகழ்காலம் போதும், அதனால் "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று வருகிறது. வேண்டியது "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்". "நேத்துதான் வந்தேன்" என்பதன் "தான்" அப்படியே "எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" ஆகிவிடுகிறது. "ஐ ஜஸ்ட் கேம் எஸ்டர்டே" என்றால் போதும். "டிட் நாட் வென்ட்" என்பதில் இறந்தகாலம் இரண்டு முறை வந்துவிடுகிறது, "டிட் நாட் கோ" என்பதே சரி. "மைசெல்ஃப் முருகன்" வேண்டாம், "ஐ ஆம் முருகன்". "ஐ பாஸ்ட் அவுட் இன் 2023" என்றால் வெளிநாட்டுக்காரர் காதில் மயங்கி விழுந்ததாகக் கேட்கும். "ஐ கிராஜுவேட்டட்" என்று சொல்லுங்கள். கேள்வி கேட்க நினைக்கும்போது "ஐ ஹேவ் எ டவுட்" என்றால், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்ற தொனி வந்துவிடும். "க்வெஸ்சன்" என்பதே போதும். "டூ தி நீட்ஃபுல்" (வேண்டியதைச் செய்யுங்கள்) போன்றவற்றை இணையத்தில் கிண்டல் செய்வார்கள், இந்திய ஆபீஸ்களில் அதனால் யாருக்கும் வேலை போனதில்லை. அதைத் திருத்துவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இனி உச்சரிப்பு. ரிக்ரூட்டர்கள் "எம்.டி.ஐ." என்று குறிப்பெழுதி நிராகரிப்பது இதைத்தான், தாய்மொழிச் சாயல் என்று அர்த்தம். சாயலே இருக்கக் கூடாது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. (அமெரிக்கரைப் போல நாக்கைச் சுழற்றிப் பேசுகிறவர்களை அதைவிடச் சீக்கிரம் வெளியே அனுப்புவார்கள்.) ஒரு சொல் இன்னொரு சொல்லாகக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

"பேக்" என்று தமிழில் எழுதினால் அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா, கேக் சுடுவதா? நான்குக்கும் எழுத்து ஒன்றேதான். அதனால்தான் தமிழில் உச்சரிப்பு அச்சிட்ட "முப்பது நாளில் ஆங்கிலம்" வகைப் புத்தகங்கள் பேச்சுக்கு உதவுவதில்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துப் பொட்டலத்தின் "பேக்"கைச் சொல்லுங்கள். முதல் எழுத்திலேயே காற்று கையில் பட வேண்டும். முதுகின் "பேக்"குக்குப் படக் கூடாது. பையின் "பேக்"குக்கு இரண்டு விரலைத் தொண்டையில் வையுங்கள்: கடைசி ஒலி வரை அதிர்வு இருக்கும், நடுவில் உள்ள உயிரும் சற்று நீளும். ஐ.டி. டிக்கெட்டில் (கஸ்டமரின் புகார்ப் பதிவில்) "பேக்-அப்" எடுப்பதும் "பேக்" பண்ணுவதும் வேறு வேறு வேலை, குழம்பினால் நஷ்டம் கஸ்டமருக்கு.

அடுத்து, சொல்லின் வாலில் ஒட்டும் உகரம்: "மெயிலு", "ஆபீஸு", "லிங்க்கு". தமிழ்ச் சொல் மெய்யில் முடிந்தால் பேச்சில் பல இடங்களில் ஒரு உகரம் தானாக வரும், "கால்" "காலு" ஆவது போல. ஆங்கிலத்தில் அது ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசையைக் கூட்டிவிடுகிறது. அதேபோல் சொல்லின் தலையில் எகரத்துக்கு யகரமும், ஒகரத்துக்கு வகரமும் ஒட்டிக்கொள்ளும்: "யெக்ஸாம்", "யெவ்ரி", "வொன்லி". கண்ணாடி முன் நின்று, ஒலி வருவதற்கு முன்பே வாயை அந்த நிலைக்குக் கொண்டுபோய்விட்டுத் தொடங்குங்கள். ஒலி கிளம்பிய பிறகு தாடையோ உதடோ நகர்ந்தால் யகரமோ வகரமோ புகுந்துவிட்டது என்று பொருள்.

"ஃபைல்" என்பதைப் "பைல்" என்றால் குவியல் ஆகிவிடும். மேல்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் ஃபகரம் வரும். இறந்தகாலச் சொற்களில் "வொர்க்கெட்", "ஆஸ்க்கெட்" என்று தனி அசை போடுவது மிகப் பரவலான தவறு. அவை "வொர்க்ட்", "ஆஸ்க்ட்" என்று ஒரே அசை. வினைச்சொல் "வெயிட்", "நீட்" போல ட் ஒலியில் முடிந்தால் மட்டுமே "இட்" தனியாகக் கேட்கும்: "வெயிட்டட்", "நீடட்". "கால்" என்று தொலைபேசி அழைப்பைச் சொல்லும்போது உதட்டைக் கொஞ்சம் குவியுங்கள், ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில்.

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதும் முக்கியம். நாம் பெரும்பாலும் முதல் அசையை அழுத்துவோம். "டெவலப்", "ஈவென்ட்", "ஹோட்டல்", "கம்ப்யூட்டர்" எல்லாவற்றிலும் அழுத்தம் இரண்டாம் அசையில். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் இணைய அகராதிகள் இலவசம். ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் ஒலி வரும், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும். நீங்கள் வேலைக்குப் போகும் துறையின் நூறு சொற்களுக்கு மட்டும் இதைப் பாருங்கள். மொத்த அகராதிக்கும் வேண்டாம்.

வாய்ஸ் ப்ராசஸ் (கஸ்டமரிடம் போனில் பேசும் வேலை) என்றால் எழுத்தும் எண்ணும் பாதி வேலை. இமெயில் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது "எம்", "என்" இரண்டும் ஒன்றாகக் கேட்கும். "பி", "டி", "வி" கூட அப்படித்தான். அதனால் "எம் ஃபார் மைக், என் ஃபார் நவம்பர், பி ஃபார் பிராவோ, டி ஃபார் டெல்டா" என்று போகும் "நேட்டோ ஃபொனெட்டிக் ஆல்ஃபபெட்" பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள். 26 சொற்கள், இரண்டு நாள் வேலை. கடைசி எழுத்தை அமெரிக்கர் "ஸீ" என்பார், பிரிட்டிஷ்காரர் "ஸெட்" என்பார். 13-க்கும் 30-க்கும் அழுத்தம்தான் வித்தியாசம்: 13-இல் பின்னசை, 30-இல் முன்னசை. சந்தேகம் வந்தால் "ஒன் த்ரீ" என்று இலக்கமாகப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். லட்சம், கோடி வெளிநாட்டு லைனில் செல்லாது. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். 04/05 என்பது அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. மாதத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் தகராறு இல்லை.

கணினியே மதிப்பெண் போடும் வாய்மொழித் தேர்வு வைக்கும் கம்பெனிகள் உண்டு. "வெர்சன்ட்" அவற்றில் பெயர் பெற்றது. வாசிப்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, ஒரு சொல் பதில், கலைத்துப் போட்ட துண்டுகளை வாக்கியமாக அடுக்குவது, சிறுகதையைத் திருப்பிச் சொல்வது எல்லாம் அதில் வரும். பலர் சறுக்குவது திருப்பிச் சொல்வதில். ஒலியை ஒலியாகவே பிடிக்கப் பார்த்தால் ஆறாவது சொல்லில் கைவிட்டுப் போகும். பொருளாகப் பிடித்தால் பன்னிரண்டு சொல் வரை நிற்கும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் "சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்" நிகழ்ச்சி எழுத்துப் பிரதியோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தித் திருப்பிச் சொல்லுங்கள், அப்புறம்தான் பிரதியைப் பார்க்க வேண்டும். தேர்வில் நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் நிற்காமல் மிச்சத்தைச் சொல்லிவிடுங்கள். அன்று ஃபேனை அணைத்துவிட்டு, ஒயர் வைத்த ஹெட்செட்டில், மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் இரண்டு விரல் தள்ளி ஓரமாக வையுங்கள். நேராக இருந்தால் மூச்சுக்காற்று மோதிப் பதிவு கெடும்.

சப்டைட்டிலோடு படம் பார்ப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். கண் படிக்கும், காது தூங்கும். பார்க்கலாம், ஆனால் அதைப் பயிற்சி நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் முப்பது பேர் இருந்து, ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும், ஆளுக்கு இரண்டு நிமிடம். அறுபது வகுப்பு போனால் நீங்கள் பேசியது மொத்தம் இரண்டு மணி நேரம். வீட்டில் தினமும் 45 நிமிடம் என்றால் ஆறு மாதத்தில் 135 மணி நேரம். கேட்டுத் திருப்பிச் சொல்ல 15, ஒலிப் பயிற்சிக்கு 10, ஒரு தலைப்பில் பேசிப் போனில் பதிவு செய்ய 15, அதைக் கேட்க 5. கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், தன் குரலைத் தானே கேட்கக் கூச்சம். அதை விட்டால் மற்ற நாற்பதும் பழைய தவறுகளையே இறுக்கிக் கட்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தவறைப் பிடியுங்கள், மறுநாள் அதை மட்டும் பாருங்கள்.

இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" நிச்சயம். ஒரு நிமிடம், ஆறேழு வாக்கியம்: பெயர், ஊர், படிப்பு, அதில் செய்த ஒரு வேலை, இந்த வேலை ஏன். அப்பா தொழில், தங்கை படிப்பு தேவையில்லை. பத்தியாக மனப்பாடம் செய்தால் நடுவில் குறுக்கே ஒரு கேள்வி வந்ததும் மறுபடி தொடக்கத்துக்கே ஓடுவீர்கள். ஐந்து குறிப்புச் சொல்லை மட்டும் நினைவில் வைத்து, தினமும் வேறு வேறு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள்.

"ஜாம்" ரவுண்டில் ஒரு தலைப்பு கொடுத்து ஒரு நிமிடம் பேசச் சொல்வார்கள். மழை என்றால் "ரெயின் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்" என்று தொடங்கினால் பதினைந்து விநாடியில் சரக்குத் தீர்ந்துவிடும். உங்கள் தெருவில் போன மழைக்கு என்ன ஆனது என்று தொடங்குங்கள். நடந்ததைச் சொல்ல வாக்கியம் தானே வரும், இறந்தகால வினைகளும் பழக்கமானவை. கேள்வி புரியவில்லை என்றால் "வாட்?" வேண்டாம், "குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?" ஒரு முறை கேட்பதற்கு மதிப்பெண் குறையாது. புரியாமல் தலையாட்டிவிட்டு வேறு எதற்கோ பதில் சொல்வதுதான் கெடுக்கும்.

ஒரு முறை நிராகரித்தால் சில மாதங்களுக்கு அதே ஆளை மறுபடி உள்ளே விடாத கம்பெனிகள் இருக்கின்றன. ஆகவே ரொம்பவும் ஆசைப்படும் இடத்தை ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற வாக்-இன்களுக்குப் போய்வாருங்கள். வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்னால் அங்கே கேட்ட கேள்விகளைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள்; அடுத்த வாரப் பயிற்சிக்கான தலைப்புகள் அவைதான்.