வெத்துத் தாள்ல ஒரு கையெழுத்து

அன்புள்ள சார்,
பெங்களூர்ல ஐடி வேலைல இருக்கேன், சொந்த ஊர் மணப்பாறை பக்கம் ஒரு கிராமம். போன தேர்தலுக்கு டிக்கெட் கிடைக்காம ஊருக்கு வர முடியல, ஓட்டு போடல. ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல திட்டித் தீர்க்கறாங்க. ஓட்டு போடறது உரிமையா, கடமையா? ஆஸ்திரேலியா மாதிரி கட்டாயமாக்கிட்டா என்ன? இன்னொண்ணு, நம்ம ஜனங்க உரிமைன்னா வரிசைல நிக்கறாங்க, கடமைன்னா ஆளைக் காணோம். காசு வாங்கிட்டு ஓட்டு போடறவங்களுக்கும் ஒழுங்கா டாக்ஸ் கட்டற எனக்கும் ஒரே ஓட்டுங்கறது எனக்கு நியாயமாப் படல.
(பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

பரண்ல எதையோ தேடப்போய் ஒரு பழைய ஜெராக்ஸ் தாள் கிடைச்சது, ஒரு வாரமா அதை மேஜை மேல வச்சு பாத்துட்டிருக்கேன், அந்த நேரம் பாத்து உங்க மெயில். இல்லன்னா பதில் போட்டிருக்க மாட்டேன்.

ஓட்டு விஷயத்தை முடிச்சிடலாம். டிக்கெட் கிடைக்கலன்னா கிடைக்கல, அடுத்த தடவை முன்னாடியே புக் பண்ணுங்க. ஆஸ்திரேலியால 1924-ல இருந்து கட்டாயம்தான், போடலன்னா 20 டாலர் ஃபைன், நீங்கல்லாம் அதை ஃபோன்லயே கட்டிட்டு திரும்பிப் படுத்துக்குவீங்க. ஆனா அந்த டாக்ஸ் பேச்சு இருக்கே, அதை இனிமே எங்கயும் பேசாதீங்க, கேக்கவே நல்லால்ல. நூறு நாள் வேலைக்குப் போற அம்மா வாங்கற துணி சோப்புலயும் ஜிஎஸ்டி இருக்கு. உங்களுக்கு ஃபார்ம் 16 வருது, அவங்களுக்கு வர்றதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் கடமை. 1950-ல அரசியல் சட்டம் வந்தப்போ அடிப்படைக் கடமைகள்னு ஒண்ணு அதுல கிடையவே கிடையாது தெரியுமா? 1976-ல, எமர்ஜென்சி நடக்கறப்போ, 42-வது திருத்தத்துல 51ஏ-ன்னு உள்ள நுழைச்சது. அதே வருஷம் ஏப்ரல்லதான், எமர்ஜென்சில உங்களைப் பிடிச்சு உள்ள வச்சா அது தப்புன்னு கோர்ட்டுக்குப் போகவும் முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லுச்சு. அதனால யாராவது உரிமையெல்லாம் அப்புறம், முதல்ல கடமைன்னு ஆரம்பிச்சா எனக்கு காது விடைச்சுக்கும். உங்க மேல கோவம் இல்ல, உங்களுக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

ஜெராக்ஸுக்கு வரேன்.

எங்க அத்தை புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல அங்க அறிவொளி இயக்கம் வந்தப்போ ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல எழுத்து கத்துக்கிட்டு, பகல்ல சைக்கிளும் கத்துக்கிட்ட பொம்பளைங்கள்ல ஒருத்தி. அதுவரைக்கும் ஊர்ல அதுக்குப் பேரே கிடையாது, தையக்காரர் பொண்டாட்டி, அவ்வளவுதான். (இது சும்மா இல்ல, 1951-52 முதல் தேர்தல்ல, முக்கியமா வட மாநிலங்கள்ல, இன்னாரோட மனைவி, இன்னாரோட அம்மான்னு மட்டும் சொல்லி சொந்தப் பேரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பொம்பளைங்களை அப்போ தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்த சுகுமார் சென் வோட்டர் லிஸ்ட்லேர்ந்தே எடுத்துட்டார்.) அத்தை முதல்ல கத்துக்கிட்டது தன் பேரை எழுத. சிலேட்டு தேய்ஞ்சு போற அளவுக்கு எழுதுச்சாம்.

2013 ஆகஸ்ட் 15, கிராம சபை. நானும் லீவுக்கு ஊர்ல இருந்தேன். எங்க ஊர் அளவுக்கு 100 பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும், அதனால தலையை எண்ணிப் பிடிச்சு வந்து உக்கார வச்சு, டீ, பன்னு கொடுத்து, தீர்மான நோட்டை சுத்துக்கு விட்டாங்க. பக்கம் வெத்தா இருந்தது. எல்லாரும் கையெழுத்து போட்டாங்க, நானும் போட்டேன், எம்.ஏ. படிச்ச நான், வெயிலா இருந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போகணும். அத்தை நோட்டை முன்னாடி பின்னாடி பொரட்டிப் பாத்துட்டு, "எழுத்தே இல்லாத தாள்ல என் பேரை எதுக்குடா போடணும், எழுதிட்டு வா, படிச்சுட்டுப் போடறேன்"னு திருப்பிக் கொடுத்துடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

அடுத்த வருஷம் ஊருணி கரைல ஒரு போர்டு. தூர் வாரியாச்சு, ஒரு லட்சத்து எண்பதாயிரம்னு. ஜேசிபி வந்ததை ஊர்ல ஒரு குஞ்சு குருமான்கூட பாக்கல. நான் கோவத்துல தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டேன், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் தரணும்ங்கறது சட்டம், இருபத்தெட்டாவது நாள் கவர் வந்தது, பக்கத்துக்கு 2 ரூபா கட்டி வாங்கின தீர்மான நோட்டு நகல். ஊருணி தூர் வார ஏகமனதா தீர்மானம். கீழ வரிசையா கையெழுத்து, பதினேழாவது என்னோடது, இனிஷியலோட, அழகா. நான் கேக்கப்போன கேள்விக்கு நானே சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கேன். யார்கிட்ட போய் கத்தறது?

அதுக்குக் கீழ முப்பத்தி நாலாவதா அத்தை பேரு. வேற யாரோ எழுதினது. பக்கத்துல கைநாட்டு.

படிச்சுக் காட்டினேன். லட்சத்து எண்பதாயிரத்துக்கு அத்தை ஒண்ணும் சொல்லல. தாளை வாங்கி அந்த மசி உருட்டை வெரலால தடவித் தடவிப் பாத்துட்டு, "நான் கைநாட்டாடா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அந்த அக்டோபர் 2 கூட்டத்துக்கு தாளை நாலா மடிச்சு சுருக்குப்பைல வச்சு எடுத்துட்டுப் போய், மைக்கெல்லாம் கேக்கல, உக்காந்த எடத்துலயே "இந்த வெரலு யாரோடது?"ன்னு கேட்டுச்சாம். தப்பு நடந்துபோச்சு ஆத்தான்னு சொல்லி மழுப்பிட்டாங்க. ஊருணி இன்னும் அப்படியேதான் கிடக்கு, கருவேலம் மண்டி. ஆனா அதுலேர்ந்து அத்தை உக்காந்திருக்கற கூட்டத்துல தீர்மானத்தை எழுதி, படிச்சுக் காட்டிட்டுத்தான் நோட்டு சுத்துக்கு வரும். முட்டிவலின்னு அது போகாத கூட்டத்துல பழைய கதைதான்.

என்ன கேட்டீங்க, உரிமையா கடமையான்னா? அத்தைகிட்ட வேணா கேட்டுச் சொல்றேன், என்னைக் கேக்காதீங்க, நான் பதினேழாவது ஆள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நாலும் கிராம சபை கூடற நாள், உங்க ஆபீஸுக்கும் லீவு. மார்ச் 22, நவம்பர் 1-ஐயும் இப்ப சேர்த்திருக்காங்க, அதை விடுங்க, இந்த நாலுல ஒண்ணுக்காவது டிக்கெட் போடுங்க. போறப்போ பேனா கொண்டு போங்க, அங்க மசிப்பெட்டிதான் ரெடியா இருக்கும்.